பொறுமையாயிரு என்று நான் சொன்னது



இந்த வாரம் உங்களுக்கு ஒரு கேபிளைப் பற்றி எழுதுகிறேன். என் பழைய கைபேசியோடு வந்த, ஒரு மீட்டர் நீளமுள்ள, சாதாரணக் கறுப்பு யூஎஸ்பி கேபிள் அது. இதை வாசிக்கத் தொடங்கும் உங்களில் சிலர், போதகர் ஏன் கணினிக்காரர் வேலையில் இறங்கினார் என்று கேட்கக்கூடும். வேறு ஒருவரும் இல்லாமற் போனதால் இறங்கினேன். இல்லாமற் போனதற்குக் காரணமும் நானே. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடந்த அறுப்பின் பண்டிகை உங்களுக்கு நினைவிருக்கும். காணிக்கை எடுக்கும் வேளையில் நம் பாடகர் குழுவின் மூத்த சகோதரி தனியாக ஒரு பாடல் பாடினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரிசையில் நின்றும், தனியாகப் பாட எப்போதும் மறுத்தவர்கள், அன்று மட்டும் சம்மதித்தார்கள். ஏழு வாரங்கள் கழித்து அவர்களை நல்லடக்கம் செய்தோம். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகள் ஊருக்குத் திரும்புமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா, அம்மா பாடினத எனக்கு அனுப்பித் தருவீங்களா?”

அனுப்புகிறேன் என்று உடனே வாக்குக் கொடுத்தேன். ஆராதனைகள் எல்லாம் பதிவாகின்றன, எங்கே போய்விடும் என்ற நம்பிக்கை.

நம் ஆலயத்தின் மாடத்தில், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு மினி கணினி இருப்பதைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கேமராவின் படம் அதற்குள் செல்லுகிறது. ஆராதனை முழுவதும் அதிலே பதிவாகிறது. இரண்டு மணி நேர ஆராதனை ஏறக்குறைய ஐந்தரை ஜிபி ஆகும். அதன் உள்வட்டு சிறியது, 256 ஜிபி மட்டுமே. ஆகவே ஒவ்வொரு வாரமும் பதிவை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றி, அசலை அழித்து இடம் உண்டாக்க வேண்டும் என்று நானே ஒழுங்கு வைத்திருந்தேன். நம் வாலிபர் ஒருவர் மூன்று ஆண்டுகளாக ஊதியமின்றி அந்த வேலையைச் செய்துவந்தார். அவரை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பண்டிகை ஆராதனையின் பதிவை டிஸ்கிலிருந்து திறந்தேன். கோப்பின் பெயர் இருந்தது, அளவும் சரியாக இருந்தது. படம் ஓடியது. பிரசங்கம் முடிந்தது, காணிக்கைப் பைகள் புறப்பட்டன, சகோதரி ஒலிபெருக்கியின் முன் வந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்து பாடத் தொடங்கினார்கள். முதல் சரணம் முடியுமுன்னே படம் உறைந்துபோனது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மீதி இருபது நிமிடங்களும் வெறுமை.

அன்று மாலை கமிட்டிக் கூட்டம். ஒன்பது பேர் முன்னிலையில் தம்பியை எழுப்பி நிறுத்தி, “அலட்சியம்” என்ற வார்த்தையைச் சொன்னேன். ஒருமுறையல்ல. சரிபார்க்காமல் எப்படி அசலை அழித்தாய், மரித்துப்போன ஒரு தாயின் குரலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்தபின் மாடத்தின் சாவியை மேசைமேல் வைத்து, “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு பின்வரிசையில் தன் தாயாருடன் உட்கார்ந்திருந்தார். நான் பிரசங்க மேடையிலிருந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அழித்த கோப்பை மீட்க முடியுமா என்று விசாரித்தேன். பழைய சுழலும் வட்டுகளில், அழித்தபின்னும் தரவு சில காலம் அங்கேயே கிடக்கும். மென்பொருள்கொண்டு தேடி எடுக்கலாம். மினி கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி அப்படியல்ல. கோப்பு அழிக்கப்பட்டதும், இந்த இடங்கள் இனி வேண்டாதவை என்று இயங்குதளம் வட்டுக்கு அறிவித்துவிடுகிறது. டிரிம் என்று அதற்குப் பெயர். வட்டும் அவற்றைத் துடைத்துவிடுகிறது. ஆகவே அந்த வழி அடைபட்டது.

இனி வாராந்தரப் பதிவை மாற்றும் வேலை என்னுடையதாயிற்று. முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் சென்றபின் மாடத்தில் ஏறி, கோப்பை இழுத்துப் போட்டேன். வேகம் விநாடிக்கு முப்பது எம்பி என்று காட்டியது. சற்று நேரத்தில் பன்னிரண்டு. பிறகு பூஜ்யம். ஒரு நிமிடம் அசையாமல் நின்று மறுபடி எழுந்தது. டிஸ்கிலிருந்து ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. கணினி, சாதனம் கழற்றப்பட்டபோது எழுப்பும் ஒலியை எழுப்பியது. உடனே மாட்டப்பட்ட ஒலியையும் எழுப்பியது. யாரும் தொடவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். ஐந்தரை ஜிபியை மாற்றி முடிக்க நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கீழே என் மனைவி இரண்டு முறை சாப்பிட அழைத்துவிட்டார்கள்.

அந்த மாடத்துப் புழுக்கத்தில், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தம்பி என்னிடம் இதைச் சொல்லியிருந்தார். இரண்டு முறை சொல்லியிருந்தார். “ஐயா, காப்பி ரொம்ப மெதுவாப் போகுது, நடுவுல நடுவுல அறுந்துருது.” நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவுக்கு வந்தது. “பொறுமையாயிரு தம்பி” என்றேன். அந்த மாதம் பொறுமையைக் குறித்துத்தான் தொடர்செய்தி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம், தொலைபேசித் துறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நம் அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு ஏறினேன். நான் அதற்குள் ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தேன்: டிஸ்க் கெட்டுப்போயிற்று, புதியது வாங்க வேண்டும். அவர்கள் அதை ஏற்கவில்லை. “ஒரு நேரத்துல ஒன்னத்தான் மாத்தணும் ஐயா. ரெண்டச் சேர்த்து மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாமப் போயிரும்” என்றார்கள்.

அப்படியே செய்தோம். முதலில் டிஸ்கை மட்டும் எடுத்துப்போய், பெட்டியோடு வந்த அதன் சொந்தக் கேபிளைத் தேடி எடுத்து, என் மடிக்கணினியில் மாட்டினோம். விநாடிக்கு நூற்றுப்பத்து எம்பி. ஒருமுறைகூட அறுபடவில்லை. டிஸ்க் குற்றமற்றது. பின்பு மினி கணினியின் முன்பக்க நீல வாயில் வேகமான ஒரு பென் டிரைவை நேரடியாக மாட்டிப் பார்த்தோம். அதுவும் தடையின்றி ஓடியது. கணினியும் குற்றமற்றது. மீதி இருந்தவை, இரண்டுக்கும் நடுவே கிடந்த கேபிளும், கேபிள் போய்ச் சேர்ந்த நான்கு வாய் ஹப்பும்.

அண்ணாச்சி கேபிளின் முனையைக் கழற்றி என் கையில் வைத்தார்கள். “இது யாரு மாத்தினது?”

நான்தான் மாற்றினேன். டிஸ்கோடு வந்த கேபிள் ஒரு சாண் இரண்டு சாண் நீளமே இருந்தது. மேசைமேல் எல்லாம் தாறுமாறாகத் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பேராயர் வருகைக்கு முந்தின வாரம், மாடத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று, அந்தக் குட்டைக் கேபிளை மேசை அறைக்குள் போட்டுவிட்டு, என் பழைய கைபேசியின் நீளமான சார்ஜர் கேபிளை மாட்டி, எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் சேர்த்து, மேசைக்குப் பின்னால் மறைத்து ஒட்டிவைத்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது. நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே சற்று விளக்க வேண்டும், ஏனெனில் உங்கள் வீடுகளிலும் இதே தவறு நடந்துகொண்டிருக்கலாம். யூஎஸ்பி 1996-இல் முதன்முதல் வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவை நடத்தியவர்களில் அஜய் பட் என்னும் இந்தியரும் ஒருவர். 2000-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் உச்சவேகம் விநாடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் முப்பது நாற்பது எம்பிக்கு மேல் கிடைப்பது அரிது. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைவிடப் பத்து மடங்கு. பழையதில் நான்கு தொடுமுனைகள். தரவு போகவும் வரவும் ஒரே இணை கம்பிதான், ஒற்றையடிப் பாதை போல, ஒருவர் வரும்போது மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். புதியதில் ஒன்பது தொடுமுனைகள். போக ஒரு பாதை, வர ஒரு பாதை.

பல வெளி டிஸ்குகளின் பக்கவாட்டில் இரண்டு பகுதிகளாகப் பிரிந்த அகன்ற ஒரு வாய் இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய கைபேசிக் கேபிளும் மிகச் சரியாகப் பொருந்திவிடும். இதுதான் கண்ணி. பொருந்தாவிட்டால் மாட்டியிருக்க மாட்டேன். பொருந்தியது, விளக்கு எரிந்தது, கோப்புகள் தெரிந்தன. ஆனால் அந்தக் கேபிளுக்குள் புதிய பாதைகளுக்கான கம்பிகளே கிடையாது. ஆகவே வேகம் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. அதோடு, சார்ஜர் கேபிள்களில் மலிவானவற்றின் கம்பிகள் மெல்லியவை; ஐந்து வோல்ட் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது குறைந்துபோகிறது. டிஸ்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போதுதான் அதற்கு மின்சாரம் அதிகம் தேவை. பழைய வகை வாயின் வரம்பு 500 மில்லியாம்பியர், புதியதற்கு 900. என் ஹப்புக்கோ சொந்த மின்னிணைப்பே இல்லை. அந்தச் சிறிய பங்கையே கேமரா படத்தை வாங்கும் கருவி, விசைப்பலகை, டிஸ்க் ஆகிய மூன்றும் பகிர்ந்துகொண்டன. மின்சாரம் போதாதபோது டிஸ்க் ஒரு கணம் உயிர்விட்டு மறுபடி எழும். நான் கேட்ட ‘டிக்’ அதுதான்.

குட்டைக் கேபிளை மாட்டி, ஹப்பை ஒதுக்கி, டிஸ்கை நேரே நீல வாயில் செருகினோம். முதல் முறை வேகம் முப்பத்தைந்திலேயே நின்றது. நான் சோர்ந்தேன். அண்ணாச்சி அதைக் கழற்றி, தயங்காமல் ஒரே மூச்சில் அழுத்திச் செருகினார்கள், நூற்றைத் தாண்டியது. மெதுவாகச் செருகினால் பழைய நான்கு முனைகள் முதலில் தொட்டுவிடும். சில கணினிகள் இது பழைய சாதனம் என்று முடிவுகட்டி அப்படியே நடத்தும். எனக்கு அது விநோதமாகவே பட்டது, இன்னும் படுகிறது. நீல நிறத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். அது பரவலான வழக்கமே தவிரக் கட்டாயமல்ல. எங்கள் பெட்டியின் பின்பக்கக் கறுப்பு வாய்கள் இரண்டும் பழைய பதிப்பு; அவை விசைப்பலகைக்குப் போதும்.

ஒன்றைச் சரிசெய்ததும் மற்றொன்று முளைத்தது. டிஸ்க் முழுவேகத்தில் ஓடும்போதெல்லாம் கம்பியில்லா மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது. மூன்றாம் பதிப்பு இணைப்பு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. மவுஸின் சிறு ஏற்பியை டிஸ்கின் பக்கத்து வாயிலிருந்து பிடுங்கிப் பின்பக்கத்தில் மாட்டினோம். தீர்ந்தது.

ஆனால் பிரியமானவர்களே, மெதுவான வேகம் மட்டும் அந்தப் பாடலை அழிக்கவில்லை. அளவு சரியாக இருந்த கோப்பு ஏன் பாதியில் வெறுமையாக இருந்தது என்ற கேள்வி மீதியிருந்தது. அண்ணாச்சி டிஸ்கின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். வெளி டிஸ்குகளை எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய நிலையில்தான் 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இயல்பாக வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் அது மாற்றப்பட்டு, கூடுதல் வேகத்துக்கான நிலை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் கணினி தரவை முதலில் தன் நினைவகத்தில் ஏந்திக்கொண்டு, முடிந்தது என்று நமக்குச் சொல்லிவிடும். பிறகு ஓய்வாக டிஸ்கில் எழுதும். டிஸ்க் மெதுவாக இருந்தால் அந்த மீதி ஒரு ஜிபியாகக்கூட இருக்கலாம். பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்காமல் பிடுங்கினால், பெயரும் அளவும் எழுதப்பட்டிருக்கும், உள்ளே ஒன்றும் இராது.

எங்கள் பதிவில் ஒரு ஜிபி என்பது சுமார் இருபத்திரண்டு நிமிடம்.

அமைப்பை மாற்றியது நான். வேகம் கூடும் என்று எங்கோ கேள்விப்பட்டு, தம்பியின் முதல் முறையீட்டுக்குப் பின் நானே மாற்றினேன். மாற்றியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதிருந்தும் அவர் ஒவ்வொரு வாரமும் முறைப்படி வெளியேற்றியே கழற்றிவந்தார். அப்படியானால் பண்டிகையன்று கழற்றியது யார்?

அதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. அன்று அசனம். கீழே பந்தியில் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஏலத்தில் வந்த பொருள்களையும் பணத்தையும் பூட்டிவைக்க வெஸ்திரி அலமாரியைத் திறந்திருந்தேன். டிஸ்கையும் அதிலேயே வைத்துவிடலாம் என்று மாடத்துக்கு ஓடினேன். தம்பி சோறு பரிமாறப் போயிருந்தார். திரையில் நகல் முடிந்து பெட்டி மறைந்திருந்தது. விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றே நினைக்கிறேன். பிடுங்கினேன். பூட்டினேன். சாவி என் பையில். புதன்கிழமை தம்பி டிஸ்கைக் கேட்டு வாங்கி, பெயரையும் அளவையும் பார்த்து, என் ஒழுங்கின்படி அசலை அழித்தார்.

மாடத்திலிருந்து இறங்கும்போது அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. நான் முன்னே போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள்.

அன்று இரவே தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவர் தாயார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்; நான் உட்காராமல் சொன்னேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்லி முடிக்கவே எனக்குக் கடினமாயிருந்தது. வாரந்தோறும் உங்கள் முன் பேசுகிறவன், வார்த்தை கிடைக்காமல் கேபிள், ஹப் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டு முடித்து, “கேபிளு நீங்க மாத்தினதுன்னு எனக்குத் தெரியும் ஐயா” என்றார். பின் ஏன் கமிட்டியில் சொல்லவில்லை என்றேன். “அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?” என்றார்.

நான் அவரை அத்தனை பேர் முன்னிலையில்தான் சொன்னேன். ஆகையால் மன்னிப்பையும் அவர் வீட்டுத் திண்ணையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஒன்பது பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் வழியாக அந்த வார்த்தை எத்தனை வீடுகளுக்குப் போயிற்றென்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன். அவர் அலட்சியக்காரர் அல்ல. அலட்சியம் என்னுடையது.

தம்பி மறுநாளே வேறொரு வழியையும் காட்டினார். ஒலி மிக்சரில் செருகியிருக்கும் பென் டிரைவில், படமின்றி ஒலி மட்டும் தனியே பதிவாகிறது. அதை யாரும் அழிப்பதில்லை. அதில் அந்தப் பாடல் முழுமையாக இருந்தது. தொடங்குமுன் சகோதரி தொண்டையைச் செருமுவதும், இரண்டாம் சரணத்தில் ஒரு குழந்தை அழுவதும்கூட இருக்கின்றன. காணொளியின் அந்த ஒரு சரணத்தையும் முழு ஒலியையும் மஸ்கட்டுக்கு அனுப்பினோம். படம் ஏன் பாதியில் நிற்கிறதென்ற காரணத்தையும் மகளுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து, செருமலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பதில் வந்தது. காரணத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது நகலெடுத்தபின் இரு கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் அடையாளக் குறியீடு எடுத்து ஒப்பிடுகிறோம். அறுபத்துநான்கு எழுத்துகளும் ஒத்திருந்தால் மட்டுமே அசலை அழிக்கிறோம். இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். அது ஆலயத்துக்கு வெளியே, அண்ணாச்சி வீட்டில் இருக்கும். நகல் முழுதும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

சாவியைத் தம்பி மூன்று வாரம் கழித்தே திரும்ப வாங்கிக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை. கடந்த ஞாயிறு மாடத்தில் ஏறிப் பார்த்தேன். மேசைமேல் கேபிள்கள் பழையபடி தாறுமாறாகத் தொங்குகின்றன. டிஸ்கின்மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் அவர் கையெழுத்தில்: “விளக்கு எரியும்போது யாரும் கழற்றக் கூடாது.” அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், பிறகு சேர்த்ததுபோல்: “ஐயாவும்.”